பேட்டரி மாத்தினதும் 'கோட்' கேட்கும் கார் ரேடியோ: தொலைந்த ரகசிய எண்ணை மீட்பது எப்படி? அந்த எண் யாருக்குச் சொந்தம்?

பேட்டரி மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கார் ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆகிறது, ஏ.சி. ஓடுகிறது, பவர் விண்டோ ஏறி இறங்குகிறது. ரேடியோவை ஆன் செய்தால் மட்டும் பாட்டு வரவில்லை. திரையில் 'கோட்' என்று ஒரே ஒரு வார்த்தை. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் என்றால் 'சேஃப்'. நேற்று வரை பாடிக்கொண்டிருந்த அதே ரேடியோ, அதே கார், அதே ஓனர். ஆனால் இன்றைக்கு அந்த ரேடியோ, தன் ஓனரையே திருடனோ என்று சந்தேகிக்கிறது.

நான்கு அல்லது ஐந்து இலக்க எண் ஒன்றைப் போட்டால் பிரச்சினை முடிந்தது. அந்த எண் எங்கே என்பதில்தான் சிக்கல். புது கார் வாங்கியபோது கொடுத்த சின்ன அட்டையில் அது இருந்திருக்கும். கார் இரண்டு கை மாறியிருந்தால் அட்டை எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறதோ! பழைய ஹோண்டா, ஃபோர்டு, ரெனால்ட், ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் அதிகம். வண்டிக்கு முழு விலை கொடுத்தவர், அதன் ஒரு பாகத்தைப் பயன்படுத்த யாரிடமோ அனுமதி கேட்டு நிற்கிற நிலை. சின்ன விஷயம்தான். ஆனால் 'என் பொருளின் சாவி யாரிடம்?' என்ற பெரிய கேள்வி இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ரேடியோவின் ரகசிய எண் வேறு, காரின் இம்மொபிலைசர் வேறு. இம்மொபிலைசர் என்பது சாவிக்குள் இருக்கும் சிப்பும் இன்ஜின் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாதுகாப்பு. அது ஒத்துழைக்காவிட்டால் கார் நகராது. ரேடியோ பூட்டிக்கொண்டால் பாட்டு போகும், அவ்வளவுதான். கார் வழக்கம்போல ஓடும். அவசரப்பட்டு முதலில் தென்படும் இணையதளத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

ரேடியோவுக்கு எதற்கு பூட்டு?

இன்று யாராவது கார் கண்ணாடியை உடைத்தால் லேப்டாப் பையைத்தான் தேடுவார்கள். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறி, கார் ஸ்டீரியோதான். விலை அதிகம், கழற்றுவது எளிது, எந்தக் காரிலும் பொருந்தும் ஒரே அளவு, பழைய சந்தையில் உடனே விற்றுவிடலாம். நியூயார்க்கில் பார்க்கிங் செய்த கார்களின் கண்ணாடியில் 'இந்தக் காரில் ரேடியோ இல்லை' என்று எழுதி ஒட்டிவைத்த காலம் அது. கண்ணாடியையாவது காப்பாற்றிக்கொள்ளலாமே என்ற நப்பாசை!

தயாரிப்பாளர்கள் பல வழிகளை முயன்று பார்த்தார்கள். ரேடியோவையே உருவி கையில் எடுத்துச் செல்லும் மாடல் வந்தது. செங்கல் மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் ஹோட்டலுக்குப் போவது? பிறகு முன்பக்கத் தகட்டை மட்டும் கழற்றும் வசதி வந்தது. இங்கேயும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. மூன்றாவது வழிதான் ரகசிய எண். திருடி எடுத்தாலும் வேறு காரில் வேலை செய்யாது என்று தெரிந்தால், திருடுவானேன் என்பதுதான் கணக்கு.

கணக்கு தப்பில்லை. இணையம் வீட்டுக்கு வராத காலத்தில், பூட்டிய ரேடியோவை வாங்கிய பழைய சாமான் வியாபாரிக்கு அதைத் திறக்கத் தெரிந்த ஆளைத் தேடுவதே பெரிய வேலை. திருட்டு ரேடியோவின் மதிப்பு குறைந்தது. பின்னால் திருட்டு ஓய்ந்ததற்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. ரேடியோ டேஷ்போர்டின் வடிவத்தோடே ஒன்றிப்போனது, ஸ்டீரியோ விலை சரிந்தது, பாட்டு மொபைலுக்குப் போனது. திருடன் அந்தத் தொழிலை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பூட்டு மட்டும் பழைய கார்களில் இன்னும் காவல் காக்கிறது.

கரன்ட் போனது ரேடியோவுக்கு எப்படித் தெரியும்?

கார் ரேடியோவுக்கு 12 வோல்ட் மின்சாரம் இரண்டு வழிகளில் வரும். ஒன்று, சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. இன்னொன்று, கார் அணைந்திருந்தாலும் பேட்டரியிலிருந்து நேராக எந்நேரமும் வருவது. கடிகாரமும் நீங்கள் சேமித்துவைத்த எஃப்.எம். ஸ்டேஷன்களும் அழியாமல் இருப்பது இந்த இரண்டாவது வழியால்தான். அது ஒருமுறை அறுந்து மீண்டும் வந்தால், 'யாரோ என்னைக் கழற்றியிருக்கிறார்கள்' என்று ரேடியோ முடிவு செய்துவிடும். பேட்டரி மாற்றினீர்களா, திருடன் பிடுங்கினானா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை.

ஆகவே பேட்டரியைத் தொடாமலேயே ஒருநாள் ரேடியோ எண் கேட்டால் வேறு அர்த்தம். பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கலாம், ரேடியோவுக்கான ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் படுத்துவிடும் அளவுக்கு பேட்டரி பலவீனமாகியிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் எண்ணை மட்டும் போட்டால், நாளைக்கு மறுபடியும் கேட்கும்.

சரியான எண் எங்கே இருக்கிறது? ரேடியோவுக்குள்ளேயேதான். மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் என்ற சின்ன மெமரி சிப்பில் அது எழுதப்பட்டிருக்கும். நீங்கள் போடும் எண்ணை ரேடியோ அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இந்தத் தகவலை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதலில் காரைத் துழாவுங்க

பலர் நேராக கூகுளில் தேடப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பத்து நிமிஷம் காருக்குள் தேடுவது நல்லது. ஓனர்ஸ் மேனுவல் வைக்கும் பவுச்சைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். ஏ.டி.எம். கார்டு அளவில் 'ரேடியோ கார்டு' இருக்கலாம். மேனுவலின் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் யாராவது பேனாவால் எழுதியிருக்கலாம். ஹோண்டா கார்களில் குளோவ் பாக்ஸின் உட்பக்கச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் உண்டு. அதில் பெரிய எண், ரேடியோவின் சீரியல் நம்பர். சின்ன எண்தான் ரகசிய எண். ஆஷ்ட்ரேயைக் கழற்றி அதன் அடியிலும் ஒரு பார்வை பார்க்கலாம்.

காரை விற்றவருக்கு ஒரு போன் போடுவதும் வீணல்ல. 'சார், ரேடியோ கார்டு உங்க வீட்ல இருக்கா?' என்று கேட்டால், பழைய ஃபைலில் சர்வீஸ் பில்களுக்கு நடுவே அது கிடைத்துவிட வாய்ப்பிருக்கிறது.

சில கார்களில் எண்ணே தேவைப்படாமல் போகலாம். ஹோண்டாவின் கொஞ்சம் புதிய மாடல்களில், பேட்டரி மாற்றியபின் ரேடியோவின் பவர் பட்டனை இரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், அது காரின் கம்ப்யூட்டரோடு பேசி 'இது நம்ம வண்டிதான்' என்று உறுதிசெய்துகொண்டு தானாகத் திறக்கும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பிந்தைய ரேடியோக்களும் அதே காரில் இருக்கும்வரை பொதுவாக எண் கேட்பதில்லை. வேறு காருக்கு மாற்றினால்தான் கேட்கும். அந்தக் காலத்தில் இதைச் செய்திருந்தால் எத்தனையோ பேரின் தலைவலி மிச்சமாகியிருக்கும்.

யூகித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். பிறந்த வருஷம், 1234, 0000 என்று விரல்போன போக்கில் அழுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதனால்தான் நிலைமை மோசமாகிறது. ஹோண்டாவில் பத்து முறை தவறினால், ரேடியோவை ஆனிலேயே விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் பழைய ரேடியோக்களில் இரண்டே வாய்ப்புதான், அப்புறம் சுமார் ஒரு மணி நேரம் பூட்டு. பழைய ஃபோர்டு ரேடியோக்களில் பத்து தவறுகளுக்குப் பிறகு 'லாக்ட்' என்று வந்துவிடும். அந்த நிலைக்குப் போனபின் சரியான எண் கையில் கிடைத்தாலும் உள்ளே போடுவதே பெரும்பாடு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பழைய ஹோண்டாக்களில் 1 முதல் 6 வரையிலான பட்டன்களால் ஐந்து இலக்கம் போட வேண்டும். மொத்த சாத்தியங்கள் 7,776. மணிக்குப் பத்து வீதம் இரவு பகல் அழுத்தினால் முழுசாக முடிக்க 32 நாள் ஆகும். நான்கு இலக்க ஃபோக்ஸ்வேகனில் 10,000 சாத்தியங்கள், மணிக்கு இரண்டு. 5,000 மணி நேரம், அதாவது 200 நாளுக்கும் மேல். அதற்குள் புது பேட்டரி எத்தனை முறை படுத்திருக்குமோ!

சீரியல் நம்பர்தான் துருப்புச்சீட்டு

கார்டு கிடைக்கவில்லை என்றால் அடுத்து தேவைப்படுவது ரேடியோவின் சீரியல் நம்பர். பெரும்பாலான வழிகளுக்கு இது வேண்டும்.

ஹோண்டாவின் பல மாடல்களில் ரேடியோவைக் கழற்றாமலேயே எடுக்கலாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ரேடியோவை ஆஃபில் வைத்து, 1, 6 ஆகிய பட்டன்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனைத் தட்டினால், திரையில் 'யு' என்று தொடங்கும் நான்கு இலக்கமும் 'எல்' என்று தொடங்கும் நான்கு இலக்கமும் வரும். இரண்டையும் சேர்த்தால் எட்டு இலக்க சீரியல். பழைய ஃபோர்டுகளில் 1, 6 பட்டன்களை, சில மாடல்களில் 2, 6 பட்டன்களை அழுத்திப் பிடித்தால் 'வி' அல்லது 'எம்' எழுத்தும் ஆறு இலக்கமும் தோன்றும். திரையில் தகவல்கள் வேகமாக ஓடும். மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு, நிறுத்திப் பார்ப்பது சுலபம்.

ரெனால்டின் பழைய ரேடியோக்களில் பெட்டியை வெளியே இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். முன்பக்கம் இருக்கும் துளைகளில் யு வடிவக் கம்பிச் சாவிகளைச் செருகினால் ரேடியோ வழுக்கிக்கொண்டு வரும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் நீளமான எண்ணின் கடைசியில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கமும் இருக்கும். அதுதான் 'ப்ரீ-கோட்'. ஸ்கோடாவில் 'எஸ்.கே.இசட்', ஃபோக்ஸ்வேகனில் 'வி.டபிள்யூ.இசட்' என்று தொடங்கும் எண்ணைத் தேட வேண்டும். கம்பிச் சாவி இல்லாமல் ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் டேஷ்போர்டில் கீறல் நிச்சயம். பக்கத்தில் இருக்கும் கார் ஆக்சஸரீஸ் கடையில் கொடுத்தால் சில நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய முதல் இடம் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர். ஆர்.சி., அடையாள அட்டை, சேசிஸ் நம்பர், ரேடியோ சீரியல் நம்பர் ஆகியவற்றைக் கேட்பார்கள். திருட்டு ரேடியோவுக்கு எண் கொடுத்துவிடக் கூடாது என்பதால் இந்தக் கேள்விகள் நியாயமானவைதான். அமெரிக்காவில் ஹோண்டா இதற்கென்றே இணையப் பக்கம் வைத்து, இந்த விவரங்களைக் கொடுத்தால் எண்ணைத் தந்துவிடுகிறது. இங்கே பெரும்பாலும் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். 'பழைய மாடல் சார், சிஸ்டத்துல இல்ல' என்ற பதிலும் வரலாம். அப்படி வந்தால், சீரியல் நம்பரை எழுதிக் கொடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். டீலரிடம் இல்லாத பதிவு நிறுவனத்திடம் இருக்கலாம்.

பூட்டின் மேலேயே எழுதிய சாவி

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. சீரியல் நம்பரைக் கொடுத்தால் ரகசிய எண்ணைச் சொல்லும் இணையதளங்களும் ஆப்களும் ஏராளம். எப்படி? யாரோ நிறுவனத்தின் சர்வரை ஹேக் செய்துவிட்டார்களா? பல மாடல்களுக்கு அதற்கு அவசியமே இல்லை. ரகசிய எண், சீரியல் நம்பரிலிருந்தே கணக்குப் போட்டு உருவாக்கப்பட்டது.

ரெனால்டை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும் என்றால் மொத்தம் 26,000 ப்ரீ-கோட்கள். அதிலிருந்து நான்கு இலக்க எண்ணுக்குப் போகும் வழி, கொஞ்சம் கூட்டல் கழித்தல், ஓரிடத்தில் ஏழால் பெருக்கல், வகுத்து மீதி எடுத்தல், அவ்வளவுதான். புரோகிராமிங் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவர் பத்து வரியில் எழுதிவிடுவார். இன்னொன்றும் கவனிக்கலாம். விடைகள் அதிகபட்சம் 10,000. ஆக 26,000 ப்ரீ-கோட்களில் பலவற்றுக்கு ஒரே ரகசிய எண் வந்தே தீரும். உங்கள் ரேடியோவுக்கு மட்டுமேயான ரகசியம் என்று எதுவும் அதில் இல்லை.

ஃபோர்டின் 'வி' வரிசையில் ஆறு இலக்கம் என்பதால் சாத்தியமான சீரியல்கள் 10 லட்சம். சூத்திரமே தெரியாவிட்டாலும், விடைகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு விடைக்கு இரண்டு பைட் போதும். மொத்தம் சுமார் 2 எம்.பி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரு குட் மார்னிங் போட்டோ அளவு. அந்த வரிசை ரேடியோக்கள் அத்தனையின் சாவிக்கொத்தும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 'வி', 'எம்' இரண்டு வரிசைகளுக்கும் இலவசக் கால்குலேட்டர்கள் இணையத்தில் கிடைப்பது இதனால்தான்.

பாதுகாப்புத் துறையில் இதற்கு நேர்மாறான விதி ஒன்று 1883லேயே எழுதப்பட்டுவிட்டது. ஒரு பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எதிரிக்கு முழுசாகத் தெரிந்தாலும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் அந்தப் பூட்டு தாங்க வேண்டும் என்றார் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழியியல் அறிஞர். ராணுவச் சங்கேதங்களைப் பற்றி எழுதியபோது சொன்னது. இன்றைய யு.பி.ஐ. பரிவர்த்தனை முதல் வாட்ஸ்அப் வரை இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. இந்த ரேடியோக்களோ தலைகீழ். சாவி பூட்டின் மேலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்கும் முறை மட்டும்தான் ரகசியம். முறை ஒருமுறை வெளியே வந்தால், ஒரு பூட்டு அல்ல, எல்லாப் பூட்டும் ஒரே நாளில் திறந்தன என்று பொருள்.

எல்லா நிறுவனங்களும் இப்படியில்லை. சீரியலோடு எளிய கணக்குத் தொடர்பு இல்லாத எண்ணை ரேடியோவில் எழுதி, அதன் நகலை நிறுவனத்தின் பதிவேட்டில் வைக்கும் முறையும் உண்டு. அது மேலான பூட்டு. ஆனால் அங்கே வாடிக்கையாளருக்கு ஆபத்து வேறு மாதிரி. பதிவேடு தொலைந்தால் எண்ணும் தொலைந்தது. திருடனுக்கு எதிராகப் பலமான பூட்டு, மறதிக்கார ஓனருக்கு எதிராகவும் அதே அளவு பலமாக இருக்கிறது.

கடையில் திறக்க முடியுமா?

முடியும். முன்னே சொன்ன ஈஈப்ராம் சிப் நினைவிருக்கிறதா? ரேடியோவைத் திறந்து, அந்த எட்டுக் கால் சிப்பில் கிளிப்பை மாட்டி, யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்பில் இணைத்துப் படித்தால், உள்ளே இருக்கும் எண்களில் ஒன்றுதான் விடை. இதற்கான ரீடர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. போர்டு லெவல் வேலை தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனுக்கு இது புதிதல்ல. பழைய ரேடியோ பலவற்றில் எண் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் இலக்கங்கள் இடம் மாறியோ, மாற்றி எழுதப்பட்டோ இருக்கும். புதிய மாடல்களில் படித்தாலும் புரியாதபடி குறியாக்கம் செய்திருப்பார்கள்.

இந்த வழியில் போகிறவர்கள் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் பேசிக்கொள்வது நல்லது. எண்ணைக் கண்டுபிடித்து எழுதித் தருவதுதான் வேலை, சிப்பில் எதையும் மாற்றி எழுத வேண்டாம். வேலை முடியாவிட்டால் எவ்வளவு கூலி என்பதும் முன்பே முடிவாக வேண்டும். ஆர்.சி. காட்டச் சொல்லாத கடையைவிட, கேட்கிற கடை நம்பகமானது. திருட்டுப் பொருளைத் திறக்கும் இடமாகத் தன் கடை ஆகிவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆப், இணையதளம்: எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது?

ரேடியோவின் சீரியல் நம்பரை மட்டும் கொடுப்பதால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அதை வைத்து யாரும் உங்கள் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. ஆனால் ஆர்.சி. போட்டோ, ஆதார், சேசிஸ் நம்பர் எல்லாம் சேர்த்து முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுத் தளத்துக்கு அனுப்புவது வேறு விஷயம். கணக்குப் போட அவற்றில் எதுவும் தேவையில்லை. கேட்டால், கேட்பவரின் நோக்கம் ரேடியோ அல்ல.

ரேடியோ எண் சொல்லும் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட்ஸ், எஸ்.எம்.எஸ். அனுமதி எதற்கு? அப்படிக் கேட்டால் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபோர்டு, ரெனால்ட் எண்களுக்குக் கட்டணம் வாங்கும் தளங்களும் இருக்கின்றன. சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது, குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிற மாதிரிதான். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எண் தவறாக இருந்தால் பணம் திரும்ப வருமா என்று முதலில் பாருங்கள். கிடைத்த எண்ணை ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்து, தவறென்றால் நிறுத்திவிடுங்கள். மீதி வாய்ப்புகளை வீணாக்க வேண்டாம்.

ரேடியோவோடு முடியாத பிரச்சினை

நான்கு இலக்கப் பூட்டு வழக்கொழிந்து வருகிறது. அதன் இடத்துக்கு வந்திருப்பது இன்னும் இறுக்கமானது. இப்போதைய கார்களில் டச் ஸ்கிரீன், மீட்டர் போர்டு, பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆகியவை அந்தக் காரின் சேசிஸ் நம்பரோடு மின்னணு முறையில் முடிச்சுப் போடப்பட்டிருக்கும். ஆடி, ஃபோக்ஸ்வேகன் நிறுவனங்களில் இதற்கு 'காம்போனென்ட் புரொடக்‌ஷன்' என்று பெயர். விபத்தில் சிக்கிய ஒரு காரிலிருந்து நல்ல ஸ்கிரீனை எடுத்து உங்கள் காரில் பொருத்தினால் அது முழுசாக வேலை செய்யாது. நிறுவனத்தின் சர்வரோடு ஆன்லைனில் இணைத்துப் பதிவு செய்தால்தான் திறக்கும். போடுவதற்கு ஒரு எண்ணே இல்லை. கார்டைத் தேடி அலமாரியைக் குடைய வழியே இல்லை.

திருட்டைத் தடுக்க இது உதவும் என்பது உண்மை. அதே சமயம், எந்த மெக்கானிக் எந்தப் பாகத்தைப் பொருத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012லும் 2020லும் இது வாக்கெடுப்புக்கே போனது. கார் பழுதுபார்க்கும் தகவல்கள் வெளியார் மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று இரண்டு முறையும் மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள்.

இந்தியாவிலும் இந்த வழக்கு புதிதல்ல. உதிரி பாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருந்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று போக, வழக்கு வருஷக் கணக்கில் நீண்டது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதில் உண்டு. நிறுவனங்கள் மேனுவல், உதிரி பாகம், வாரன்டி விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது ஏற்பாடு. தகவலைத் திரட்டித் தருவது நல்லதுதான். ஆனால் இணையதளம் சட்டமாகிவிடாது. பூட்டிய ரேடியோவின் எண்ணை இத்தனை நாளில் ஓனருக்குத் தந்தாக வேண்டும் என்று ஒரு விதி வந்தால்தான் இது உரிமை ஆகும். இப்போதைக்கு இது நிறுவனத்தின் நல்லெண்ணம்.

நிறுவனமே நாட்டை விட்டுக் கிளம்பினால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. சென்னை அருகே மறைமலை நகரில் கார் தயாரித்துக்கொண்டிருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்றும் சொன்னது. ஆனாலும் டீலர்ஷிப்கள் குறையும்போது, பழைய பதிவேட்டைத் தேடித் தர ஆர்வமுள்ள ஆளும் குறைவார். இந்த இடத்தில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. ஃபோர்டின் பழைய ரேடியோ பூட்டு பலவீனமாக இருந்ததால்தான், நிறுவனத்தை எதிர்பார்க்காமல் ஓனர்கள் தாங்களே திறந்துகொள்ள முடிகிறது. இன்றைய சர்வர் பூட்டுக்கு அந்தக் கருணை கிடையாது. சர்வர் நின்றால் நின்றதுதான்.

அடுத்த முறை பேட்டரி மாத்தும்போது

எண் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மின்சாரம் அறுபடாமல் பார்த்துக்கொண்டால் கேள்வியே எழாது. 'மெமரி சேவர்' என்ற சின்னக் கருவியை ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி, வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தபடி பேட்டரியை மாற்றலாம். அந்த சாக்கெட்டில் எந்நேரமும் பேட்டரி மின்சாரம் இருப்பதால் இது சாத்தியம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்ப வேண்டாம். பல கார்களில் சாவியை எடுத்ததும் அது துண்டிக்கப்பட்டுவிடும். இன்னொரு பேட்டரியை ஜம்பர் கேபிளில் இணைத்துக்கொண்டு மாற்றும் மெக்கானிக்குகளும் உண்டு. கழற்றிய பாசிட்டிவ் கிளாம்ப் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதில் கைவைக்கக் கூடாது. வீட்டுக்கே வந்து பேட்டரி மாற்றித்தரும் சேவையை ஆப்பில் புக் செய்தால், 'ரேடியோ கோட் இருக்கு, மெமரி சேவர் கொண்டு வாங்க' என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எல்லா வழியும் அடைபட்டால், புதிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போடுவது கடைசித் தேர்வு. பல நேரங்களில் அதுவே புத்திசாலித்தனமான தேர்வும்கூட, பழைய ரேடியோவில் ப்ளூடூத்தே இருக்காது. வாங்கும் முன் ஸ்டீரிங்கில் உள்ள வால்யூம் பட்டன்கள் அதோடு வேலை செய்யுமா, வயரை வெட்டாமல் மாட்டும் கப்ளர் உங்கள் காருக்குக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் விலை பேசி முடிக்கும் நாளில் ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டாவது சாவியோடு ரேடியோ கார்டையும் கேட்க வேண்டும். கார்டு இல்லை என்று விற்பவர் சொன்னால், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே சீரியல் நம்பரை எடுத்து, எண்ணை வாங்கி, மொபைலில் ஒரு நோட்டாகப் போட்டுவைத்துவிடலாம். அட்டையை போட்டோ எடுத்து காருக்கு வெளியே வைத்துக்கொள்வதும் அவசியம். குளோவ் பாக்ஸிலேயே அட்டையை வைத்திருந்தால், ரேடியோவைத் திருட வந்தவருக்கும் அது சேர்ந்தே கிடைக்கும்.